இருபத்தைந்து சொல்லுக்குள்

குண்டூசியைத்தான் முதலில் உருவ வேண்டும்.
எந்தத் தாளோடு எந்தத் தாள் என்பதை
எண்பது வருஷத் துரு
காகிதத்தைவிட உறுதியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

சூய்ப்ரேன் வீதியில்
பல் டாக்டர் லெயோன் வைஸ்மன் வாடகைக்கிருந்த வீட்டை
விடுதியாக்கப் பிரித்தபோது
பரணில் அகப்பட்டது இந்தக் கட்டு, ஒரு பிஸ்கட் டின்னுக்குள்.
கொண்டுவந்தவர் எலக்ட்ரீஷியன் ஞானாதிக்கம்.
“பத்திரம் ஏதாச்சும் இருக்கும்னு பார்த்தேங்க.
எல்லாம் லெட்டரு.”
டின்னை மட்டும் எடுத்துக்கட்டுமா என்றார்.
சரி என்றுவிட்டேன்.
அது என் தப்பு.

இந்த ஊரில் ஈரத்துக்குத்தான் பழைய பட்டா.
மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கிறது,
நிறுத்தினால் எங்கள் வியர்வை சொட்டுகிறது.
ராமபாணப் பூச்சி
எபிரேய எழுத்து, பிரெஞ்சு முத்திரை என்று பார்ப்பதில்லை.
பசை எங்கேயோ அங்கே.

தைத்த நோட்டு ஒன்று.
அவர் தங்கைக்கு எழுதியவற்றின் நகல் எல்லாம் அதில்.
யிடிஷ் வலமிருந்து இடம் போகும் என்று தெரியாமல்
நமக்குப் பழகிய பக்கத்திலிருந்து
பென்சிலால் எண் போட்டுக்கொண்டே போனேன்.
ஆரோவில்லில் சைக்கிள் பழுதுபார்க்கும் ஹானா வந்து
படித்துச் சொல்லும்போதுதான் தெரிந்தது.
என் வரிசையில்
பதில் வராத மாதங்கள் முதலில் வந்தன,
பிறகு யுத்தம்,
பிறகு மர்சேய் துறைமுகத்தில் கையசைப்பு,
கடைசிப் பக்கத்தில் எல்லாரும் நான்சி நகரத்தில்
ஒரே மேஜையில் சூப் குடிக்கிறார்கள்.
திருத்த வேண்டியது அறுபத்திரண்டு எண்கள்.
ரப்பரை எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

தபால் நின்ற பிறகு வந்தது
செஞ்சிலுவைப் படிவம் ஒன்றே ஒன்று.
இருபத்தைந்து சொல்லுக்கு மேல் கூடாது,
குடும்பச் செய்தி மட்டும்.
ரீஃப்கா இருபத்தைந்தையும் செலவழித்திருக்கிறாள்.
ஜெனோவேஃப் அதைத் தமிழில் இப்படி எழுதினாள்:

எல்லாரும் நலம். நாத்தானுக்குப் பல் முளைத்துவிட்டது.
வீடு மாறுகிறோம். புது விலாசம் தெரிந்ததும் எழுதுகிறேன்.
குடை பத்திரமா?

எண்ணிப் பார்த்தோம். பதின்மூன்று.
நம் மொழி சொல்லோடு சொல்லை ஒட்டிக்கொண்டு
சிக்கனமாகப் போய்விடுகிறது.
மீதிப் பன்னிரண்டை எங்கே வைப்பது?
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

குடை என்றால் குடையா, ஓர் ஆளா என்று
மூன்று பேரும் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டோம்.
நோட்டில் குடையே இல்லை.
படிவத்தின் பின்பக்கம் பதிலுக்கான இடம்.
வெற்று.
வெற்றுப் பக்கத்துக்கும் எண் உண்டு என்பது விதி.
போட்டேன்.

பிறகு ஒருநாள் ஞானாதிக்கம்
ஸ்விட்ச் மாற்ற வந்தவர், ஏணியில் நின்றபடி,
“மூடி உள்பக்கம் பென்சில்ல ஏதோ தேதி இருந்துச்சுங்க,
வீட்ல நல்லா தேச்சுக் கழுவிட்டாங்க” என்றார்.
ஏணியைப் பிடித்திருந்த நான் கையை விட்டுவிட்டேன்.
அவர் விழவில்லை, நல்லவேளை.

முத்தியால்பேட்டையில் அவர் வீட்டம்மா
டின்னிலிருந்த புளியை எவர்சில்வர் சட்டியில் கொட்டி
மூடியைத் துடைத்துக் கொடுத்தார்.
ஒரு வாரத்தில் திருப்பித் தரணும் என்றார்.
மூடியின் உள்ளே பழைய மஞ்சள் சாயம்.
அழுத்தி எழுதியிருந்தால் பள்ளம் மிஞ்சும்,
வெளிச்சத்தைச் சாய்வாக விட்டால் தெரியும் என்றாள் ஜெனோவேஃப்.

நாலு மணி வெயில்
ஜன்னல் வழியாகப் படுத்துக்கொண்டே வருகிறது.
மூடியைச் சாய்க்கிறோம், இன்னும் கொஞ்சம், போதும், அப்படியே.
ஹானா மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.
புளி வாசனை.

ஒரு நான்கு.
பக்கத்தில் இன்னொன்று,
மூன்றா எட்டா தெரியவில்லை.