ஆறின சோறு

முக்காலிகள் நாலு.
ஆறு இருந்தன;
இரண்டை ஆறு கொண்டுபோயிற்று.

ஹுவே நகரம் இன்னும் மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
நாலரை மணி. சுவரில் வெள்ளம் கிழித்த கோடு
என் இடுப்புக்கு நேராக இருக்கிறது.
அதற்குக் கீழே சேறு, மேலே சுண்ணாம்பு.
நான் அடுப்பை இறக்கி வைக்கிறேன்.

சோறு நேற்று ராத்திரி வடித்தது.
உதிர்த்து, மூங்கில் தட்டில் பரப்பி,
கை பட்டால் சில்லென்று இருக்கும்வரை விட்டது.
அதன் மேல் வாழைப்பூச் சீவல், சேம்பந்தண்டு,
புளிப்புக்குத் தமரத்தங்காய்,
வறுத்த கடலை, மொறுமொறுவென்று பன்றித்தோல்,
ஒரு கரண்டி இறால் விழுது. நாறும். நாறட்டும்.
பிறகு மட்டி,
விரல் நகத்தைவிடச் சின்ன ஆற்று மட்டி, வதக்கியது.
சூட்டையெல்லாம் மட்டி வெந்த நீருக்கே கொடுத்துவிட்டோம்.
அது தனிக் கிண்ணத்தில், இஞ்சி மணக்க,
சாம்பல் கலந்த பாலைப்போல வரும்.

வெள்ளம் நின்ற ஒன்பது நாளும் மட்டி இல்லை.
ஆறு செங்கல் நிறத்தில் ஓடியது.
மட்டி இல்லாத மட்டிச் சோறு விற்றேன், பாதி விலைக்கு.
கணக்கு வாத்தியார் தோவாய் கிண்ணத்தைக் கிளறிப் பார்த்து
"கல்யாணத்துக்கு எல்லாரும் வந்தாச்சு,
மாப்பிள்ளையைத்தான் காணோம்" என்றார்.
முழுக் காசையும் வைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள், அதாவது இன்று,
வின் வந்தான். அரைத் தொட்டி கொண்டுவந்தான்.
வின் ஒரு காலத்தில் என் புருஷன்.
இப்போது எங்களுக்குள் பேச்சு கிலோவில் மட்டும்.
"ஏழு கிலோ" என்றான்.
"ஆறேமுக்கால்" என்றேன்.
"மூணு தண்ணியில அலசியிருக்கேன்."
அவன் மூன்று என்றால் இரண்டு.
பதினோரு வருஷம் ஒரே கூரையில் படித்த பாடம்.

நான் இன்னும் ஐந்து தண்ணீரில் அலசினேன்.
கொதிக்கும் அண்டாவில்
இரண்டு மூங்கில் கழியால் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி,
தோள் கழன்றுவிடும்போலக் கிண்டினால்
வாய் திறக்கும். ஓடு கீழே போகும், சதை மேலே மிதக்கும்.
இவ்வளவு சுத்தமாகப் பிரிய
எங்களுக்கு வாய்க்கவில்லை.
கோர்ட்டில் ஒரு சைக்கிளுக்கு மூன்று வாய்தா.

ஏழு மணிக்கு சைகோன்காரர் ஒருவர்,
சட்டைப்பையில் ஹோட்டல் அறையின் அட்டைச் சாவி எட்டிப் பார்க்க,
முக்காலியில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தார்.
கிண்ணத்தைத் தொட்டார்.
"அக்கா, சோறு ஆறிப்போச்சே."
"ஆறிப்போகலை. ஆத்தி வச்சிருக்கேன்."
"கொஞ்சம் சூடு பண்ண முடியுமா?"
எதிரே பூட்டுக்கடையில் யாரோ இருமினார்கள்.
சிரிப்பை இருமலாக மாற்ற
இந்தத் தெருவுக்குத் தெரியும்.

அவர் சாப்பிட்டார்.
மூன்றாவது வாயில் மிளகாய் பிடித்தது.
மூக்கு ஒழுகியது, நெற்றி பளபளத்தது,
அட்டைச் சாவி நழுவி இறால் விழுதில் விழுந்தது.
எடுக்கவில்லை.
ஏழாவது வாயில் நின்றார்.
நாக்கிலிருந்து எதையோ விரல்நுனிக்கு மாற்றி,
என் முன்னால் நீட்டினார்.
"மணல்."

ஒரே ஒரு துகள்தான்.
கருப்பும் இல்லை, பழுப்பும் இல்லை.
"அது ஆறு" என்றேன்.
"அதுக்குக் காசு இல்லை."

மோட்டார் சைக்கிளில் காலித் தொட்டியைக் கட்டிக்கொண்டிருந்த வின்
திரும்பாமலே சத்தமாகச் சொன்னான்:
"மூணு தண்ணி."
"ரெண்டு" என்றேன்.
கொஞ்ச நேரம் கயிற்றை இறுக்கினான்.
"ரெண்டரை."

மறுபடி தூறல்.
நான்காவது முக்காலி காலியாக இருந்தது.
உட்கார் என்று நான் சொல்லவில்லை,
உட்காரவா என்று அவனும் கேட்கவில்லை.
ஒரு கிண்ணம் போட்டு நீட்டினேன்,
பன்றித்தோல் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது.
நின்றபடியே தின்றான், மழைக்கு முதுகைக் காட்டி.

ஆறேமுக்காலில் அதைக் கழித்துக்கொண்டேன்.