ஊற்று, பெயர்ச்சொல்

திருத்துறைப்பூண்டி, ரயிலடிக்குப் போகும் சாலை.
பென்சிகரின் டிடிபி கடையில்
மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கொரு நாற்காலி.
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
பத்திரம், பிராது, விசாவுக்கான கடிதம்
எதுவானாலும் தமிழாக்கித் தருவேன்.

இன்று வந்தது ஒரே ஒரு வரி,
இருபது லிட்டர் கேனில் ஒட்டுவதற்கு.
காவிரியின் புனிதமான என்பதுவரை வந்துவிட்டேன்.
அடுத்த சொல் வழிமறித்தது:
ஃபவுண்ட்.

"எந்த ஃபாண்ட்?" என்றார் பென்சிகர்
திரையில் எழுத்துருப் பட்டியலை இழுத்துக்கொண்டே.
அவர் கேட்டதும் தப்பில்லை.
அகராதி அந்தச் சொல்லுக்கு இரண்டு வீடு காட்டுகிறது.
ஒன்றில் அச்செழுத்துகள் குடியிருக்கின்றன,
இன்னொன்றில் தண்ணீர்.
தண்ணீர் வீட்டு வாசலில்
சாய்வெழுத்தில் ஓர் எச்சரிக்கை: செய்யுள் வழக்கு.

அதில் யாரும் குடம் அலசியதில்லை.
கூட ஒரு பெரிய சொல் வராமல்
அது வெளியே கிளம்பாது:
ஞானத்தின், கருணையின், சகல அறிவின்.
கடைசியாகச் சொன்னதைக் கேலிக்கும் வைத்துக்கொள்வார்களாம்.
கேட்காமலே எல்லாம் சொல்லும்
என் கொழுந்தன் ஞாபகத்துக்கு வந்தான்.

மூலம் என்று அடித்தேன்.
"பஸ் ஸ்டாண்டு சுவரு முழுக்க
அதுக்குத்தானே வைத்தியம்" என்றார் பென்சிகர்.
ஆதாரம் என்றால் கார்டு கேட்பார்கள்.
தோற்றுவாய்
நல்ல சொல்தான், ஆனால் எங்கள் பக்கத்தில்
தோற்றுப்போன வாய்க்கால் என்றே படிப்பார்கள்.
தலைப்பு?
ஆறு பிரிகிற இடமெல்லாம் தலைப்பு.
அது எப்போதும் வேறு யாருடைய ஊரோ.
நாங்கள் கடைமடை.
மேட்டூரில் திறந்தார்கள் என்று செய்தி வந்த பிறகும்
முள்ளியாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி
எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள்.
எங்களுக்கு நதி தொடங்குவது
மலையில் இல்லை,
ஷட்டரைத் தூக்கும் லஸ்கரின்
இடுப்புச் சாவியில்.

மத்தியானம் குணபாலனே வந்துவிட்டார்,
சட்டையெல்லாம் கேன் ஈரம்.
"தண்ணி எங்கேர்ந்து எடுக்கிறீங்க?"
"போருதான். முந்நூத்தி அறுவது அடி.
ஒரே உப்பு. மெஷின்ல விட்டுத்தான் எடுக்கணும்."
"அப்ப காவிரி?"
அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.
"கீழ நிக்கிறது வேற யாரு மேடம்?
எங்கப்பன் பொறக்கறதுக்கு முந்தி
வந்த வெள்ளம் எறங்கி உக்காந்திருக்கு.
கடலுதான் பக்கத்துல வந்து
உப்பப் போட்டுட்டுது."

பொய் என்று சொல்ல முடியவில்லை.
மெய் என்று எழுதவும் கை வரவில்லை.

மறுபடி அகராதியைத் திறந்தேன்.
அந்த இரண்டு வீட்டுக்கும் உறவில்லையாம்.
எழுத்து வீட்டின் வேர்ச்சொல்லுக்கு
உருக்கி வார்ப்பது என்று பொருள்:
ஈயத்தைக் காய்ச்சி அச்சில் ஊற்றியது.
ஊற்றியது.

கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டேன்.
ஆங்கிலம் இரண்டு கதவு வைத்த இடத்தில்
எங்களிடம் ஒரே நிலைப்படி.
நிலத்திலிருந்து தானாக வருவதும் அதுதான்,
குவளையை நீட்டிக் கேட்பதும் அதுதான்.
கோடையில் ஆற்று மணலைக் கையால் பறித்து
கலங்கல் தெளியும்வரை குந்தியிருந்தவர்களுக்கு
இலக்கணம் தேவைப்படவில்லை.

புனிதத்தை அழித்தேன்.
வேற்றுமை உருபை அழித்தேன்.
மிச்சம் இருந்தது:

காவிரி ஊற்று

பென்சிகர் எழுத்தைத் தடிமனாக்கினார்,
நீலத்தை இன்னும் கொஞ்சம் நீலமாக்கினார்.
பிறகு திரையருகே குனிந்து ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.
"நடுவுல கமா வருமா?"
கமா போட்டால் அவள் பெயர் விளியாகிவிடும்.
ஊர் முழுக்க, ஒவ்வொரு சமையலறை மூலையிலும்,
யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.
"வேண்டாம், இடம் மட்டும் விடுங்க."

குணபாலனுக்குத் திருப்தியில்லை.
இதற்கு முழுப் பக்கக் காசா என்ற முகம்.
விரலை வைத்து எழுத்தெழுத்தாக எண்ணினார்,
பிறகு ஒருமுறை எண்ணினார்.

"ஆறுதான் இருக்கு" என்றார்.