பூட்டை இழுத்துப் பார்த்தல்

கிதினியா துறைமுகத்தில் ஏழாம் எண் கிரேன்
பத்துப் பதினோரு நாளுக்கு ஒருமுறை ஊமையாகும்.
மோட்டார் சரி. மின்சாரம் சரி. கேபிள் புதுசு.
நெட்வொர்க் கார்டின் பச்சை விளக்கு
ஒன்றும் நடக்காததுபோல் கண் சிமிட்டும்.
ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது.

சென்ற முறை மேலே கூண்டில் இருந்தவள் போகுமிவா.
அவளுக்குக் கீழே ஒரு கண்டெய்னர்,
கண்டெய்னர் நிறையத் திராட்சை,
பால்டிக் காற்றில் அரைவட்டம் போட்டபடி
நாற்பது நிமிஷம்.
பிளாஸ்கில் தேநீர் தீர்ந்ததும்
ரேடியோவில் அவள் சொன்ன வார்த்தைகளை
ரதோஸ்வாவ் பிழைப் பதிவில் அப்படியே ஏற்றிவிட்டான்.
யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

டிரைவரை எழுதியது நான்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்:
சந்தேகப்பட்ட இடமெல்லாம் ஒரு வரி அச்சிட வைத்தேன்.
வந்தேன். போனேன். நிறுத்தினேன். எழுப்பினேன்.
இருபத்து மூன்று நாள் கிரேன் மணியாக ஓடியது.
வரிகளை எடுத்தேன்.
ஒன்பதாம் நாள் செத்தது.
யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்
நல்ல பிள்ளையாகக் கைகட்டி நிற்கும் பிழை.

டிசம்பர். எட்டு மணிக்கு மேல் விடியும் ஊர்.
ட்ராலி பஸ்ஸில் வரும்போது கம்பிகளையே பார்ப்பேன்.
ஒரே கம்பியில் ஒன்றை ஒன்று முந்த முடியாது;
முன்னது கொம்பை இறக்க வேண்டும்,
இல்லை பின்னது பொறுக்க வேண்டும்.
என் டிரைவரில் அப்படி ஒரு கம்பி இருந்தது.
பூட்டு என்றால் தாமதம் என்று
நான்தான் கழற்றிப் போட்டேன்,
இரண்டு வருஷம் முன்னால், வெயில் காலத்தில்,
பெருமையாக.

இரவு இரண்டே கால். வெள்ளைப் பலகை.
ரதோஸ்வாவ் அனுப்புகிறவன், கறுப்புப் பேனா.
அனுப்பி முடிந்ததைக் கழுவித் துடைக்கிறவள் நான், சிவப்பு.
நடுவில் இருநூற்றைம்பத்தாறு குழி உள்ள வளையம்.

‘பார்த்தேன். இடமில்லை,’ என்கிறான்.
‘கதவைச் சாத்தப் போகிறேன்.’
‘இரு. இன்னும் சாத்தாதே.
இப்போது நான் வருகிறேன்.
காலி செய்கிறேன், ஒரு குழி விடாமல்.
உன் கதவைப் பார்க்கிறேன். திறந்துதானே இருக்கிறது?
தூங்காதவனை எதற்கு எழுப்ப?
போய்விட்டேன்.
நீ எதையாவது அனுப்பினால்தான் இனி எனக்கு வேலை.’

‘இப்போது சாத்துகிறேன்,’
என்றவன் சாத்தவில்லை.
பேனா பலகையைத் தொடாமல் நின்றது.

அவன் நான் எழுப்பக் காத்திருப்பான்.
நான் அவன் அனுப்பக் காத்திருப்பேன்.
நடுவே இருநூற்றைம்பத்தாறும் காலி.

பார்த்ததற்கும் சாத்தியதற்கும் இடையிலான நேரத்துக்கு
இமைப்பொழுது என்பது ரொம்பப் பெரிய வார்த்தை.
ஓர் இமைப்பில் அது லட்சம் தடவை அடங்கும்.
அதற்குள் ஒரு பெண் காற்றில் தொங்கினாள்.

திருத்தம் இவ்வளவுதான்:
சாத்திய பிறகு இன்னொரு முறை பார்.
இடம் இருந்தால் நீயே திற.
நடுவில் ஒரு தடை,
சாத்தியது அடுத்தவனுக்குத் தெரிந்த பின்பே
திரும்பிப் பார்க்க வேண்டும் என்று.
ப்ராசஸர் அவசரக்காரன்.
முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் செய்துவிட்டு
வரிசையாகத்தான் செய்தேன் என்று சாதிப்பான்.
என் பக்கமும் அதே தடை:
துடைத்தது தெரிந்த பின்பே கதவைப் பார்.

‘எத்தனை வரி?’ போகுமிவா கேட்டாள்.
‘ஐந்து.’
கையுறையைக் கழற்றாமலே கணக்குப் போட்டாள்.
‘வரிக்கு எட்டு நிமிஷம்.’
சிரித்தாளா என்று மப்ளருக்குள் தெரியவில்லை.

இன்று முப்பத்து நான்காம் நாள்.
போய்விட்டது என்பதற்குச் சாட்சி கிடையாது,
வராத நாட்கள் மட்டும்.

அலுவலகத்தைப் பூட்டி இரண்டு மாடி இறங்கியவள்
திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.
ரதோஸ்வாவ் கீழே பனியில் நின்றான், ஏனென்று கேட்கவில்லை.
எங்கள் பஸ் கொம்பு உரச, நீலப் பொறி சிந்தி
முனை திரும்பிப் போனது.

பூட்டித்தான் இருந்தது.