உலோகம் ஏதும் உண்டா

உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்பது
எங்கள் படிவத்தில் ஆறாவது கேள்வி.
டுலூத்தில், ஜனவரியில், இரவு ஒன்பதரைக்கு
குன்வோர் ஹெக்லண்ட் விரல்விட்டு எண்ணுகிறாள்:
இடது முட்டியில் திருகாணி இரண்டு,
தாடையில் தகடு ஒன்று, ஒரு டென்மார்க்காரியின் முழங்கை உபயம்,
"அப்புறம் ஒரு வெண்கலப் பதக்கம்.
நார்விக்கில் அக்கா வீட்டு டிராயரில் கிடக்கிறது.
அது சேருமா?"
சேராது என்றேன்.

இடப்பக்கத் தடுப்பாட்டக்காரி. பதினோரு வருடம்.
ஆண்கள் அணி உடுத்திக் கழித்த சட்டை
தோளிலிருந்து வழியும்; பின் குத்திக்கொண்டு ஆடினார்களாம்.
நாட்டுக்காக ஆடப் போகும் நாட்களுக்கு
மீன் ஆலையில் சம்பளம் பிடித்தார்கள்.
பிறகு இந்த ஊர், ஆட்டத்துக்கு நாற்பது டாலர்,
தோற்றாலும் பீட்சா.
"அங்கேயும் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகம், இங்கேயும் அதே.
தண்ணீரில் உப்பு மட்டும் இல்லை."

முப்பத்தொரு சர்வதேச ஆட்டம்.
பேர் சொல்ல ஒரே ஒரு கோல்,
அதுவும் தன் வலைக்குள்ளேயே.
எங்கள் ஊரில் அதற்கு சேம் சைடு கோல் என்று பெயர்,
வீட்டுச் சண்டையில்கூடப் பயன்படும் என்றேன்.
திருகாணி வலிக்கும்வரை சிரித்தாள்.

நான் பந்தை உதைத்ததே இல்லை.
பி.டி. பீரியடை எல்லாம்
கணக்கு வாத்தியார் கடன் வாங்கித் திருப்பித் தராத பள்ளி எனது.
ஓடி வருகிறவளை எப்படித்தான் தடுப்பீர்கள்?
"கண்ணைப் பார்க்கக் கூடாது. கண் நடிக்கும்.
இடுப்பைப் பார். எந்தப் பக்கம் போவாள் என்று
இடுப்புக்குத்தான் முதலில் தெரியும்."

அசையக் கூடாது என்று சொல்லி உள்ளே அனுப்பினேன்.
இயந்திரம் தட்டத் தொடங்கியது.
மூன்றாவது படம் கலங்கிவிட்டது.
மைக்கில் கேட்டேன்: கால் அசைந்ததா?
"மன்னிச்சுக்கோ. யாரோ ஓரமாக வந்தமாதிரி இருந்தது."

மறுபடி எடுத்தேன்.
திரையில் முட்டி துண்டுதுண்டாக வந்தது,
பனிவாரி வண்டி ஓட்டி இப்போது பிழைக்கிற முட்டி.
திருகாணி இருந்த இடங்களில் கறுப்பு.
அதற்கு மேலே,
இருக்கக்கூடாத ஒரு வெளுப்பு.

படம் எடுப்பவள் வாய் திறக்கக்கூடாது, சட்டம்.
காலுறையை மாட்டியபடி கேட்டாள், எப்படி இருக்கு?
டாக்டர் சொல்வார் என்றேன்,
முகத்தை நன்றாகவே வைத்துக்கொண்டு.

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.