மீதமுள்ள படுக்கைகள்

மரிபோரில் மூன்றாம் நாளாகப் பனி.
நனைந்த கையுறையை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு
ட்யாஷா ப்ரெஸ்னிக்
நெதர்லாந்திலிருந்து வந்த கோப்பைத் திறக்கிறாள்.
மலைக்குடில்களில் படுக்கை பதிவுசெய்யும் தளம்,
அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
இருபத்தொன்பதாவதில்
எண் வந்து உட்கார ஒரு வளைவு அடைப்பு,
பக்கத்தில் இரண்டே பெட்டி:
ஒன்று. மற்றவை.

மற்றவையாம்.
ஸ்லோவேனியன் அவ்வளவு அவசரப்படாது.
ஒன்றுக்கு ஒரு விகுதி.
இரண்டுக்கென்றே தனியாக ஒன்று,
வேறு எந்த எண்ணையும் அண்டவிடாதது.
மூன்றும் நான்கும் ஒரு கூட்டு.
ஐந்தில் எண்ணிக் களைத்து
ஆறாம் வேற்றுமையில் சாய்ந்துகொள்ளும்.

போன கோடையில் பதிவு உறுதியானதும்
பன்மை விகுதியோடு திரையில் வந்தது:
‘விருந்தினர்கள் இரண்டு.’
புதுமனைவி கணவனைப் பார்த்துக் கேட்டாளாம்,
யார் அந்த மூன்றாவது ஆள்?
புகார்ப் பெட்டியில் அவன் எழுதியது
அத்தனை வேடிக்கையாக இல்லை.

க்ரோனிங்கனில் இருக்கும் வீபெ ஹூக்ஸ்ட்ரா
நிரல் எழுதுகிறவன், நல்லவன், கேட்கிறான்:
இரண்டு என்றாலே பன்மைதானே?
அவள் பதில் அனுப்புகிறாள்:
நீயும் உன் மனைவியும் வந்து கதவைத் தட்டினால்
கூட்டம் வந்திருக்கிறது என்றா
உள்ளே குரல் கொடுப்பேன்?

மறுநாள் நான்கு பெட்டி.

நூற்று நாற்பதாம் வரி:
‘அச்சச்சோ! ஏதோ தவறு நடந்துவிட்டது.’
இருட்டில், ஆயிரத்து எண்ணூறு மீட்டரில்,
ஒரு கையுறையைப் பல்லில் கடித்துக்கொண்டு
இதைப் படிக்கப்போகிறவன் ஒருவன் இருக்கிறான்.
அச்சச்சோவை அழிக்கிறாள்.
‘ஏதோ’வையும்.
‘உங்கள் பதிவு சேரவில்லை. குடிலைக் கூப்பிடுங்கள்’ என்று
தொலைபேசி எண்ணை வைக்கிறாள்.
வரி நீண்டு பொத்தானை இடிக்கிறது.
இடிக்கட்டும்.

பிறகு சுழி.
இலக்கணப்படி சுழிக்கும் ஐந்துக்கும்
ஒரே விகுதி. ஒன்றுமே இல்லாததும்
ஒரு கூட்டம்போலத்தான் ஒலிக்கும்.
ட்யாஷா குடில்காரர் ஸ்வோனெ கோகோயைக் கூப்பிட்டு
இடமில்லாதபோது என்ன சொல்வீர்கள் என்கிறாள்.
அடுப்பில் எதையோ கிளறும் சத்தம்.
‘இடமில்லைன்னுதான் சொல்வேன்.
அப்புறம், வாங்க, சாப்பாட்டறையில பெஞ்சு கிடக்கு,
போர்வை மட்டும் கொண்டாங்கன்னு.’

ஐந்தாவது பெட்டி கேட்கிறாள்.
உங்கள் மொழிக்கு விதியில் அது கிடையாதே, என்கிறான் வீபெ.
மொழிக்கு இல்லை, மலைக்கு.
நீண்ட மௌனம். பிறகு பெட்டி வருகிறது.

இரவு பதினொன்றரைக்குச் சோதனை.
ஒன்று சரி, இரண்டு சரி, நான்கு, ஐந்து சரி.
நூற்றொன்று தப்பு.
நூறு கடந்தால் அவள் மொழியில்
நூற்றொன்று மறுபடி ஒருமை,
நூற்றிரண்டு மறுபடி ஜோடி.
ஸ்வோனெயின் குடிலில் இருப்பதோ
நாற்பத்தாறு படுக்கை.

இந்த வரியை யாரும் பார்க்கப்போவதில்லை.
கையுறை காய்ந்துவிட்டது, கருகல் வாடை.
எழுந்து அதை எடுத்து உதறிவிட்டு
திரும்ப வந்து உட்காருகிறாள்
நூற்றொன்றைத் திருத்த.