பதினெட்டாம் அத்தியாயம்

டிஹோமிர், உங்கள் கடிதம் வந்தது.
பதினெட்டாம் அத்தியாயத்துக்குள் ஒரு முத்தம் வேண்டும்,
வாசகர்கள் இரண்டு பாகமாகக் காத்திருக்கிறார்கள்,
பகை என்பது உள்பக்கம் வெளியே தெரியும் கையுறை,
திருப்பிப் போட்டால் காதல் என்கிறீர்கள்.

முயன்றேன். பொய் சொல்லவில்லை.
நீங்கள் கேட்டபடியே பனிப்புயலை வரவழைத்தேன்.
மலைக் கணவாயில் ஒரு சத்திரம், அதில் ஒரே அறை,
ஒரே கட்டில். சத்திரக்காரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.
வெல்னாவின் தோளில் ஓர் அம்புக் காயம் வைத்தேன்,
கட்டுப்போட ஓர்சாகின் விரல்கள் வேண்டுமல்லவா.
மெழுகுவத்தியைக் கட்டைவிரல் அளவுக்குக் குறைத்தேன்.

அவள் நாற்காலியை இழுத்து
கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தாள்.
பல்லால் துணியைக் கிழித்து
தன் காயத்தைத் தானே கட்டிக்கொண்டாள்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.
வலது கையை முறித்தும் பார்த்தேன்.
அப்போதும் அவளுக்குப் பல் இருந்தது.

அவன் அழகன்தான், மறுக்கவில்லை.
அட்டைப்படம் வரைந்த பையன் தாடைத் தழும்பில்
கொஞ்சம் நிலா வெளிச்சம்கூடப் பூசியிருக்கிறான்.
தழும்பு எப்படி வந்தது என்பது
முதல் பாகம், நாற்பத்தோராம் பக்கம்.
நீங்கள்தான் சுருக்கச் சொன்னீர்கள்:

உப்புக் கிணற்றின் கயிற்றை அவன் அறுத்தபோது
கீழே பதினொரு பேர் இருந்தார்கள்.
பாதி ஏறிவிட்டவள் ஒருத்தி
விழுவதற்கு முன் வீசிய வாளிக் கொக்கி அது.
பெயர் தெயா. வெல்னாவின் தங்கை.

உப்பிட்டவரை மறக்காதே என்பது அந்த நாட்டு வழக்கு.
உப்பில் புதைத்தவனை என்ன செய்வது என்று
வழக்கில் எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.
நானே கட்டிய நாடு, நானே எழுதிய வழக்கு,
இருந்தும் இல்லை.

இப்போது சொல்லுங்கள்,
அந்தத் தழும்பைத் தாண்டி உதடு எப்படிப் போகும்?

என் ஊர் துஸ்லா, உங்களுக்குத் தெரியும்.
அடியிலிருந்து உப்புநீரை உறிஞ்சி உறிஞ்சி
மேலே வீடுகள் அமிழ்ந்துபோன ஊர்.
என் மேசையில் பென்சிலை வைத்தால் உருளும்.

போன வியாழன், காலை ஆறரை, ரொட்டிக் கடை.
நான் வெளியே வரும்போது
ஒருவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
சண்டைக் காலத்தில் அவன் எந்தக் குன்றில் இருந்தான் என்று
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.
தலையில் முடி இல்லை இப்போது. முழங்கால் வலி போல,
ஒரு காலில்தான் நின்றான்.

நன்றி சொல்லவில்லை நான்.
ஆனால் அவன் பிடித்திருந்த கதவு வழியாகத்தான் வந்தேன்.

முப்பது வருஷத்தில் எங்களுக்குள் நடந்தது அவ்வளவே.
அதற்கே வீட்டுக்கு வந்து
கோட்டைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்,
மடியில் ரொட்டி ஆறி விறைத்துப் போகும்வரை.

நீங்கள் பன்னிரண்டு பக்கத்தில் முத்தம் கேட்கிறீர்கள்.

ஆகவே அத்தியாயத்தை இப்படி முடித்திருக்கிறேன்.
நடுச்சாமம். ஓர்சாக் இருமுகிறான்.
ஜன்னல் இடுக்கில் வந்த பனி அவன் போர்வையில்
கோடாக விழுந்துகொண்டிருக்கிறது.
வெல்னா கத்தியை எடுத்துக்கொண்டு எழுகிறாள்.
கட்டிலைத் தாண்டிப் போகிறாள்.
ஜன்னலைச் சாத்துகிறாள்.
திரும்பி வந்து அதே நாற்காலி, மடியில் அதே கத்தி.
அவன் கண் திறக்கவில்லை.
தூங்கவும் இல்லை.

பின்னட்டையில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.
தீ என்று போடுங்கள், விதி என்று போடுங்கள்,
விற்பது உங்கள் பாடு.

ஒன்றே ஒன்று.
முறித்த கையை நான் ஒட்டவைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.
ஜன்னல் கொக்கி வேறு துருப்பிடித்தது.
இடது கையால் அதை மாட்டி முடிக்க
அவளுக்கு நான்கு வரி ஆகிறது.

அந்த நான்கு வரியை வெட்டாதீர்கள்.

— அஸெமினா