வரிசை நகரவில்லை

மூன்றாவது வருஷம்.
வாரியக் குடியிருப்பின் மொட்டை மாடியில்
தண்ணீர்த் தொட்டி நிழலில் இலை போட்டிருக்கிறேன்.
நுனி எந்தப் பக்கம் என்று
வழக்கம்போல் கோகுலோடு சண்டை.
கடைசியில் துறைமுகத்தைப் பார்த்து வைத்தோம்.
உனக்குத் தெரிந்த திசை அதுதானே.

வஞ்சிரம் வறுத்தது நாலு துண்டு, விலை கேட்காதே.
அவித்த முட்டை இரண்டு. கருவாட்டுத் தொக்கு.
வடை, சோறு, இறால் போட்ட கத்திரிக்காய்,
பிரித்த பீடிக் கட்டு,
மூடி திருகி வைத்த குவார்ட்டர்.
கண்ணாடித் தம்ளரில் தண்ணீர்,
அதில் அதற்குள் ஒரு கரிப்புள்ளி.

கற்பூரம் காற்றில் மூன்று முறை அணைந்தது.
கா கா என்று கூப்பிடுகிறேன்.
காசிமேட்டுக் காக்கைகளுக்குப் பசி ஏது?
ஏலம் முடிந்த தரையில்
பெரிய மனுஷர் மாதிரி நடந்து பொறுக்குபவை.
எதிர் மாடி டிஷ்ஷில் ஒன்று உட்கார்ந்து
இலையைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.
தலையைச் சாய்த்தது. பறக்கவில்லை.

பன்னிரண்டு. ஒன்று. ஒன்றேகால்.
கோகுல் படியில் உட்கார்ந்து போன் பார்க்கிறான்.
"ஏதோ கொற வெச்சிருக்கே" என்கிறாள் பக்கத்து வீட்டு மரகதம்.
"என்னா துன்னுவாருன்னு நல்லா ரோசன பண்ணு."

இருபத்திரண்டு வருஷம் உனக்கு ஆக்கிப்போட்டவள் நான்.
உப்பு ஒரு கல் குறைந்தால்
தட்டு நகரும் சத்தம் எனக்குத் தெரியும்.
தண்ணீர்ச் சொம்பைக்கூட எட்டி எடுக்காத கை அது.

ஆனால் வாரத்தில் இரண்டு ராத்திரி
துறைமுகம் கேட்டில் வரிசை நகரவில்லை என்பாய்.
டிரெய்லருக்குப் பின்னால் டிரெய்லர்,
எர்ணாவூர் வரை நிற்குது என்பாய்.
அந்த ராத்திரிகளில் என்ன சாப்பிட்டாய் என்று
நான் கேட்டதே இல்லை.
கேட்டால் பதில் வந்துவிடும்.

எண் என்னிடம் இருந்தது.
உன் போனில் அதற்கு
"டயர் கடை" என்று பேர் போட்டிருந்தாய், தேசிங்கு.

அடித்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.
யாரென்று நான் சொல்லவில்லை.
மூச்சிலேயே தெரிந்துகொண்டாள்.
"இன்னிக்குத்தானேக்கா" என்றாள் பிலோமினா.
"எங்களுக்குக் காக்கா இல்ல, மெழுகுவத்திதான்.
கல்லறைத் திருநாள் அன்னிக்கு
பெரிய சிலுவைகிட்ட அவுருக்கும் ஒண்ணு ஏத்துவேன்."

நான் கேட்டது ஒன்றுதான்:
அங்கே என்ன சாப்பிடுவார்?

கொஞ்ச நேரம் ரயில் சத்தம் மட்டும்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போல.
"நான் எங்கக்கா ஆக்குனேன்" என்றாள்.
"இங்க வந்தா அவுருதான் ஆக்குவாரு.
மத்தி வாங்கினு வருவாரு, குந்தி அவுரே ஆய்வாரு,
மாங்கா போட்டு கொழம்பு வெப்பாரு.
நான் வேல முட்ச்சினு வந்தா
சோறு போட்டுக் குடுப்பாரு.
அவுரு துன்னு நான் பாத்தது கம்மிதான்."

நீ.
நீ மீன் ஆய்ந்தாய்.
உன் நகக்கண்ணில் செதில்.
அடுப்பைச் சிம்மில் வைத்து
உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்து
இன்னொருத்திக்குத் தட்டு நீட்டினாய்.

அழுகையைவிடச் சிரிப்புதான் கிட்டத்தில் இருந்தது.
வஞ்சிரத்தை எடுத்துக் கோகுலிடம் கொடுத்தேன்.
முட்டை, தொக்கு, வடை எல்லாம் மரகதத்துக்கு.
குவார்ட்டரை அவள் புருஷன் கேட்காமலே எடுத்துக்கொண்டான்.
கோகுலைக் கடைக்கு அனுப்பினேன்:
மத்தி அரைக் கிலோ. வெட்ட வேணாம்னு சொல்லு.

காலியான இலையில்
பச்சை மீன், கல்லுப்பு, நாலு மிளகாய்,
புளி ஓர் உருண்டை, பாதி மாங்காய்.
பக்கத்தில் அருவாமனை.

இந்த வீட்டுக்கும் ஒரு நாள் ஆக்கு என்றேன்.
வரிசை நகரவில்லை என்று
இன்றைக்குச் சொல்லாதே.

டிஷ்ஷிலிருந்து அது இறங்கியது.
கைப்பிடிச் சுவரில் நடந்து வந்து
மீனைத் தொடாமல்
அருவாமனையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது.

நான் ஒரு தட்டைக் கழுவி எடுத்துவந்து
எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.
காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கவில்லை.